சத்தத்தில் போகும் எழுத்து: ஹாம் ரேடியோ பற்றிக் கேட்ட பாலக்கோடு டீச்சருக்கு

பாலக்கோடு பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கும் டீச்சர் கேட்டிருக்கிறார்: "ஹாம் ரேடியோவில் பேசாமலே, சத்தத்தை வைத்து எழுத்து அனுப்பலாம் என்கிறார்கள். ரேடியோ மைக் பக்கத்தில் செல்போனை வைத்தாலே போதும் என்றும் ஒருவர் சொன்னார். உண்மையா? வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட முடியுமா? அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமங்களில் இருந்து வந்து படிக்கிற பிள்ளைகள் எங்களிடம் உண்டு. டவர் சரியாக எடுக்காத அந்த ஊர்களிலிருந்து தமிழிலேயே செய்தி வர வைக்க முடியுமா?"

எல்லாமே முடியும் டீச்சர். ஆனால் எல்லாமே ஒரு விஷயத்தில்தான் தொங்குகிறது: எவ்வளவு சத்தம் கொடுக்கிறோம் என்பதில். புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். அதனால் அதை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில், ரேடியோ என்ன செய்கிறது என்று பார்ப்போம். உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோ நிலையம் நடத்துகிறவர்கள்தான் ஹாம்கள். அவர்கள் சிற்றலையில் (ஷார்ட்வேவ்) பேசுவது எஸ்.எஸ்.பி. எனும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில். மைக்கில் நுழையும் சத்தத்தை அப்படியே தூக்கி உயர்ந்த அதிர்வெண்ணில் வைப்பதுதான் அதன் வேலை. ரேடியோவை 14.070 மெகாஹெர்ட்ஸில் மேல் பக்கப்பட்டையில் (சத்தத்தின் அதிர்வெண் அதோடு கூடிப் போகும் அமைப்பில்) வைத்துவிட்டு, மைக்கில் 1000 ஹெர்ட்ஸ் விசில் ஒன்றைக் கொடுங்கள். ஆன்டெனாவிலிருந்து கிளம்புவது 14.071 மெகாஹெர்ட்ஸ் அலை. எதிர்முனை ரேடியோ அதே 14.070-இல் நின்றால், வந்த அலையை இறக்கி மறுபடியும் 1000 ஹெர்ட்ஸ் விசிலாக ஸ்பீக்கரில் தந்துவிடும். உள்ளே போனது மனுஷக் குரலா, விசிலா என்பது ரேடியோவுக்குத் தெரியாது. ஏறத்தாழ 300 முதல் 2700 ஹெர்ட்ஸ் வரை எது வந்தாலும் சுமந்து போகும். ஆக, எழுத்தை ஏதாவது ஒரு விதத்தில் விசிலாக மாற்ற ஒரு கம்ப்யூட்டரும், விசிலைத் திரும்ப எழுத்தாக்க அந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால் போதும். ரேடியோவுக்குள் எதையும் கழற்ற வேண்டியதில்லை.

விசிலில் எழுத்தை எப்படி வைக்கிறார்கள் என்பதற்குப் பல முறைகள் உண்டு. பிள்ளைகளுக்குச் சொல்லித்தர எனக்குப் பிடித்தது பி.எஸ்.கே.31. பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் மார்டினெஸ் என்ற ஹாம் 1998 கடைசியில் வெளியிட்டது இது. அவருடைய அழைப்புக்குறி, அதாவது உரிமத்தோடு கிடைக்கும் அடையாளப் பெயர், ஜி3பிஎல்எக்ஸ். காதுக்கு இது நிற்காத ஒரே சுருதி விசில், அதில் மெல்லிய நடுக்கம், அவ்வளவுதான். அந்த நடுக்கத்தில்தான் எழுத்து இருக்கிறது. வினாடிக்கு 31.25 முறை, விசிலின் கட்டத்தை (ஃபேஸ்) 180 டிகிரி திருப்புவதா, அப்படியே விடுவதா என்று மென்பொருள் முடிவு செய்கிறது. திருப்பினால் 0, விட்டால் 1.

இதில் ரசிக்க வேண்டியது எழுத்துகளுக்கு அவர் கொடுத்த குறிகள். எல்லா எழுத்துக்கும் ஒரே நீளம் கிடையாது. ஆங்கிலத்தில் அதிகம் வருகிற 'இ'-க்கு (e) 11 என்ற இரண்டே பிட். 'டி'-க்கு (t) 101. வார்த்தை இடைவெளிக்கு வெறும் 1. அபூர்வமாக வரும் 'இசட்'-டுக்கு 111010101 என்று ஒன்பது பிட். எந்தக் குறியின் உள்ளேயும் இரண்டு 0 சேர்ந்து வராது. ஆகவே 00 வந்தால் ஓர் எழுத்து முடிந்தது என்று பொருள். இடையில் ஓர் எழுத்து கெட்டுப்போனாலும் அடுத்த 00-இல் மென்பொருள் மறுபடி ஒழுங்குக்கு வந்துவிடும். அதனால் பிழை பரவாது. நிமிடத்துக்குச் சுமார் 50 வார்த்தை போகும், நிதானமாகத் தட்டச்சு செய்கிறவருக்கு இது தாராளம். இதெல்லாம் ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒருவர் பேசினால் 2400 ஹெர்ட்ஸ் பிடிக்கும். அந்த இடத்தில் இருபது, முப்பது பேர் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். அனுப்பும் வாட் முழுவதும் அந்தக் குறுகிய கோட்டில் குவிவதால், குரல் போகாத இடத்துக்கும் இது போகும்.

மற்ற முறைகளையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஆர்.டி.டி.ஒய். டெலிபிரின்டர் காலத்து முறை. 170 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டு சுருதி மாறி மாறி ஒலிக்கும், எழுத்துக்கு ஐந்து பிட், வேகம் 45.45 பாட், அதாவது வினாடிக்கு 45.45 பிட். போலந்தைச் சேர்ந்த பாவெல் யலோஹா உருவாக்கிய ஒலிவியா பல சுருதிகளை வைத்து நிதானமாகப் போகும். ஒவ்வொரு எழுத்தையும் பிழை திருத்தும் வசதியோடு நேரத்தில் பரப்பி அனுப்புவதால், இரைச்சலுக்குள் காதுக்கு எதுவும் தட்டுப்படாதபோதும் திரையில் எழுத்து வரும். இன்றைக்கு உலகத்தில் அதிகம் கேட்பது எஃப்.டி.8. ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017-இல் வெளியிட்டது. இந்த டெய்லர், இன்னொரு விண்மீனோடு சேர்ந்து சுற்றும் இரட்டைப் பல்சாரைக் கண்டுபிடித்ததற்காக 1993-இல் ரஸ்ஸல் ஹல்ஸுடன் இயற்பியல் நோபல் பெற்றவர். விண்வெளியிலிருந்து வரும் நலிந்த சமிக்ஞையைத் தோண்டியெடுத்த கை, ஹாம் ரேடியோவிலும் அதையே செய்தது என்று வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆனால் உங்கள் தேவைக்கு எஃப்.டி.8 வேண்டாம் என்பது என் கருத்து. அதில் கடிகாரத்தின் ஒவ்வொரு 15 வினாடியும் ஒரு தவணை. ஒரு தவணையில் 12.64 வினாடி சத்தம் போகும், அதில் அடங்குவது 77 பிட். இரண்டு அழைப்புக்குறி, இருக்கும் இடம், சமிக்ஞை அளவு, அத்தோடு சரி. சொந்தமாக எழுத நினைத்தால் ஒரு தடவைக்கு 13 எழுத்துதான். எங்கேயெல்லாம் நம் அலை கேட்கிறது என்று சோதிக்க அதைப்போல் ஒன்று கிடையாது. விஷயம் சொல்ல அது ஆகாது. அதே அடிப்படையில் ஜோர்டன் ஷெரர் 2018-இல் ஜேஎஸ்8கால் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் உரையாடலாம், ஆள் இல்லாதபோது செய்தியை விட்டுவைக்கலாம், இடையில் ஒரு நிலையம் வாங்கிக் கடத்தவும் செய்யும்.

இப்போது வகுப்பறை. இதற்கு ரேடியோவே வேண்டாம், உரிமமும் வேண்டாம். அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் எஃப்எல்டிஜி (fldigi) என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். ஒன்றை மேசையின் இந்தக் கோடியில், மற்றொன்றை அந்தக் கோடியில் வையுங்கள். ஒன்றின் ஸ்பீக்கர் பாட, மற்றதன் மைக் கேட்கும். இரண்டிலும் பி.எஸ்.கே.31-ஐத் தேர்ந்தெடுத்து, கீழே நீல நிறத்தில் வழியும் திரையில் 1000 ஹெர்ட்ஸ் இடத்தில் சொடுக்குங்கள். அந்தத் திரைக்கு வாட்டர்ஃபால் என்று பெயர். குறுக்கே அதிர்வெண், மேலிருந்து கீழாக நேரம். ஒரு விசில் வந்தால் செங்குத்தாக ஒரு கோடு இறங்கும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. லேப்டாப் மைக்கில் இரைச்சல் குறைப்பு, எதிரொலி நீக்கம் என்று இருக்கும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மனிதக் குரலை எடுத்துக்கொண்டு மீதியை ஒதுக்குவது அவற்றின் வேலை. நிலையான விசில் வந்தால் அதுதான் இரைச்சல் என்று நினைத்து வெட்டி எறிந்துவிடும். "எல்லாம் சரியாக வைத்தும் ஒன்றும் வரவில்லை" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

ஒரு பிள்ளை தட்டச்சு செய்யட்டும், அந்தக் கோடியில் எழுத்து ஒவ்வொன்றாக விழும். வகுப்பு சத்தம் போடும், போடட்டும், அதுவும் பாடம்தான். யாரையாவது கை தட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் வாட்டர்ஃபாலில் குறுக்கே ஒரு கோடு முழு அகலத்துக்கும் பாயும், அந்த நேரத்தில் வந்த எழுத்து கெடும். கணநேர ஒலியில் எல்லா அதிர்வெண்ணும் உண்டு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட இது பதியும். பிறகு கேட்கும் லேப்டாப்பை ஒரு பிள்ளை தூக்கிக்கொண்டு ஸ்பீக்கரை நோக்கி நடக்கட்டும். வினாடிக்கு ஒரு மீட்டர் நடையில், 1000 ஹெர்ட்ஸ் விசில் சுமார் 3 ஹெர்ட்ஸ் நகரும். டாப்ளர் விளைவு கண்ணெதிரே. அதிர்வெண்ணைத் தானாகத் தொடரும் ஏ.எஃப்.சி. வசதியைப் போட்டுவைத்தால் மென்பொருள் பின்னாலேயே நகர்ந்து பிடித்துக்கொள்ளும், அணைத்தால் தடுமாறும். எதிரொலி அதிகமுள்ள பெரிய ஹாலில் செய்தால் பி.எஸ்.கே.31 திணறுவதையும் பார்க்கலாம். பி.எஸ்.கே.31-இல் ஒரு பிட்டுக்கு 32 மில்லிவினாடி. சுவரில் பட்டுத் தாமதமாக வரும் ஒலி அடுத்த பிட்டின் மேல் ஏறிவிடுகிறது. வானத்தில் அயனி மண்டலத்தில் இரண்டு பாதையில் வரும் அலைக்கும் இதே கதிதான். அங்கேயே ஒலிவியாவுக்கு மாற்றி அதே வாக்கியத்தை அனுப்புங்கள். மெதுவாக வரும், ஆனால் முழுதாக வரும்.

ஹாம்களுக்கு ஒதுக்கிய நிஜமான அலைப்பட்டையைக் கேட்க வேண்டுமென்றால், நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் வெப்எஸ்டிஆர் ரிசீவரை இணையத்தில் திறந்து, 14.070-ஐச் சுற்றியும் 14.074-இலும் கேளுங்கள். அதன் சத்தத்தை எஃப்எல்டிஜிக்குக் கொடுத்தால் பி.எஸ்.கே. பேச்சு ஐரோப்பாவிலிருந்து உங்கள் வகுப்புத் திரையில் இறங்கும். எஃப்.டி.8-க்கு டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் (WSJT-X) என்ற வேறு மென்பொருள் வேண்டும்.

அடுத்து, மைக் பக்கத்தில் போனை வைப்பது. வேலை செய்யும். கையடக்க எஃப்.எம். செட்டில் ஒருவர் அனுப்ப, இன்னொருவர் செட்டின் ஸ்பீக்கர் பக்கத்தில் போனைப் பிடித்துப் படித்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் போகும்போது 145.825 மெகாஹெர்ட்ஸில் அதன் பாக்கெட் ரேடியோ (எழுத்தைச் சிறு பொட்டலங்களாக அனுப்பும் கருவி) இயங்கினால், கரகரவென்று விழும் அந்தச் சத்தத்தைப் போன் செயலி எழுத்தாக்கிக் காட்டும். 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு சுருதிகள் வினாடிக்கு 1200 பிட் வேகத்தில் மாறுகிற சத்தம் அது. கேட்பதற்கு இந்த முறை குறையில்லாதது. அனுப்புவதற்குத்தான் நான் தடுக்கிறேன். அறையில் ஃபேன் ஓடினால் அதுவும் போகும், பக்கத்தில் யாராவது "டீச்சர், டீ வந்தாச்சு" என்றால் அதுவும் காற்றில் ஏறும். போனை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் சத்தத்தின் அளவே மாறிவிடும். நம் உயிர்நாடியே அந்த அளவுதான்.

ஏன் அப்படி? எழுத்து போய்ச் சேரவில்லை என்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது சத்தத்தைக் கூட்டுவது. கூட்டினால் இன்னும் மோசமாகும். மாரியம்மன் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரை முழுசாகத் திருப்பி வைத்திருப்பார்களே, பாட்டு அடுத்த ஊர் வரை கேட்கும், ஆனால் ஒரு வார்த்தை புரியாது. ரேடியோவிலும் நடப்பது அதேதான். பெருக்கி தாங்கும் அளவுக்கு மேல் சத்தம் வந்தால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில், நாம் கொடுக்காத புதுச் சுருதிகள் பிறக்கும். பி.எஸ்.கே.31-இல் ஒன்றும் தட்டச்சு செய்யாமல் சும்மா அனுப்பிப் பாருங்கள். கட்டம் இடைவிடாமல் திரும்பிக்கொண்டிருப்பதால், வாட்டர்ஃபாலில் 31 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டு மெல்லிய கோடுகள் தண்டவாளம் மாதிரி இறங்கும். அதுதான் சுத்தமான சமிக்ஞை. சத்தம் அதிகமானால் அந்த இரண்டுக்கும் வெளியே இருபுறமும் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கோடுகள் முளைக்கும். அவற்றுக்குப் போகிற வாட் எல்லாம் வீண். அதோடு, பக்கத்தில் பலவீனமாக எழுதிக்கொண்டிருக்கும் இன்னொருவரை அவை மூடிவிடும். எதிர்முனையில் படிக்கிறவருடைய எஃப்எல்டிஜி இந்தக் கெடுதலை டெசிபலில் அளந்தே சொல்லும். அவரிடம் கேளுங்கள், மறைக்காமல் சொல்வார். -25 அல்லது அதற்கும் கீழே என்றால் நல்லது.

சரிசெய்யும் விதம் இதுதான். ரேடியோவில் குரலைத் தூக்கிக் கொடுக்கும் ஸ்பீச் பிராசஸரை அணைத்துவிடுங்கள். சத்தம் மிஞ்சும்போது ரேடியோ தானாகக் கட்டுப்படுத்துவதைக் காட்டும் ஏ.எல்.சி. மீட்டரைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் சத்தத்தைக் கீழிருந்து மெதுவாக ஏற்றுங்கள். ஏ.எல்.சி. முள் அசையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அசைவு நிற்கும் வரை பின்னால் இறக்குங்கள். அங்கேயே விட்டுவிடுங்கள். மீட்டரில் வாட் குறைவாகத் தெரிகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், கையை மட்டும் எடுக்கக்கூடாது. பேசும்போது ரேடியோவுக்கு வார்த்தைக்கு வார்த்தை ஓய்வு கிடைக்கும், இதில் ஓய்வே கிடையாது. 100 வாட் ரேடியோவில் 30, 40 வாட்டுக்கு மேல் போக வேண்டாம், பெருக்கி சூடாகிச் சாகும். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த யூபிட்எக்ஸ் மாதிரி 10 வாட் செட்டே, பட்டை திறந்திருக்கும் (அயனி மண்டலம் அலையைத் திருப்பித் தரும்) நேரத்தில், எழுத்தைக் கண்டம் தாண்டிக் கொண்டுபோகும்.

போனுக்குப் பதில் கேபிள் போடுங்கள். லேப்டாப்பின் ஹெட்போன் வெளியீடு ஒரு வோல்ட்டை நெருங்கும், மைக் எதிர்பார்ப்பதோ சில மில்லிவோல்ட். அதனால் நடுவில் 10 கிலோ ஓம், 100 ஓம் என இரண்டு ரெசிஸ்டரை வைத்து நூறில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். கூடவே 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போட்டால் லேப்டாப்பும் ரேடியோவும் மின்சாரத்தில் தனித்தனியாகிவிடும், சார்ஜரிலிருந்து வரும் உறுமலும் நின்றுவிடும். ஐகாம் ஐசி-7300 போன்ற புதிய ரேடியோக்களில் சவுண்ட் கார்டு உள்ளேயே இருப்பதால் ஒரு யூஎஸ்பி வயரோடு வேலை முடிந்தது. இல்லையென்றால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி சவுண்ட் கார்டைத் தனியாக இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர் வழியில் அனுப்பினால், வாட்ஸ்அப் வந்த 'டிங்' சத்தமும் நாலு நாட்டுக்குக் கேட்கும்.

நம் வட்டாரத்து இரைச்சலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் யானை வராமலிருக்க சோலார் வேலி போட்டிருக்கும் தோட்டங்கள் உண்டு. அந்த வேலியின் கருவி ஏறத்தாழ வினாடிக்கு ஒருமுறை உயர் அழுத்தத் துடிப்பு ஒன்றை விடும். கம்பியில் செடி கொடி பட்டுப் பொறி பறந்தால், ரேடியோவில் டிக், டிக், டிக் என்று விடாமல் விழும். வாட்டர்ஃபாலில் ஏணிப்படி மாதிரி குறுக்குக் கோடுகள். பி.எஸ்.கே.31 வினாடிக்குச் சுமார் ஐந்து எழுத்து அனுப்புகிறது. டிக் பலமாக இருந்தால் ஐந்தில் ஓர் எழுத்து கெடும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் டிக் விழும் கணத்தில் ரேடியோவை ஊமையாக்கும் நாய்ஸ் பிளாங்கரைப் போடுங்கள், முறையை ஒலிவியாவுக்கு மாற்றுங்கள். அதில் ஓர் எழுத்தின் தகவல் நேரத்தில் சிதறிக் கிடப்பதால் ஒரு டிக் ஒரு சிறு துண்டைத்தான் தின்னும், மீதியிலிருந்து எழுத்தை மீட்டுவிடும். மலிவான எல்.இ.டி. பல்பும், இன்வெர்ட்டரும் வேறு மாதிரி. அவை விட்டு விட்டு வராமல் பட்டை முழுக்க மூடுபனி போட்டுவிடும். அதற்கு மருந்து ஆன்டெனாவை வீட்டிலிருந்து தள்ளிக் கட்டுவதும், ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுவதும்தான். சாயங்காலம் கரண்ட் போன நேரத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பட்டை எவ்வளவு அமைதியானது என்பது அப்போது தெரியும்.

அஞ்செட்டிக்கு வருவோம். பாலக்கோட்டிலிருந்து அந்தப் பக்கம் நேர்கோட்டில் அதிக தூரம் இல்லை, ஆனால் நடுவில் மேலகிரி மலை நிற்கிறது. கையடக்க வி.எச்.எஃப். (மிக உயர்ந்த அதிர்வெண்) செட் நேர்பார்வைக்குத்தான். மலைக்குப் பின்னால் பள்ளத்தில் இருக்கும் ஊருக்கு அது எட்டாது. சிற்றலையில் 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வழி இருக்கிறது. ஆன்டெனாவை உயரத்தில் கட்டாமல் வேண்டுமென்றே தாழ்வாகக் கட்டினால், அலை ஏறத்தாழ நேர் மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு மழை மாதிரி இறங்கும். மலை குறுக்கே நிற்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பக்கத்துக்கு 10 மீட்டர் வீதம் மொத்தம் 20 மீட்டர் கம்பி, நடுவில் ரேடியோவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிள் (டிவி ஆன்டெனா கேபிள் மாதிரி), இரு முனையிலும் நைலான் கயிறு, இரண்டு புளியமரம். தரையிலிருந்து நாலைந்து மீட்டர் உயரம் போதும். இதற்குக் காலை நேரம் நல்லது. நடுப்பகலில் கீழ் அடுக்கு அலையை உறிஞ்சுவதால் கொஞ்சம் மங்கும். ராத்திரியில் பக்கத்து ஊர் மறைந்து, தூரத்து நாடுகள் கேட்க ஆரம்பிக்கும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: 7 மெகாஹெர்ட்ஸில் பேச்சுக்குக் கீழ் பக்கப்பட்டை வழக்கம், ஆனால் சத்தத்தில் எழுத்து அனுப்ப அங்கேயும் மேல் பக்கப்பட்டைதான் பழக்கம். பி.எஸ்.கே.31 எந்தப் பக்கத்திலும் படிக்கும், பல சுருதி முறைகள் பக்கம் மாறினால் தலைகீழாகிவிடும்.

இப்படி ஓர் ஏற்பாடு எதற்கு உதவும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது பாரதி பிரசாத் என்ற இந்திய ஹாம் போர்ட் பிளேரில் வி.யு.4.ஆர்.பி.ஐ. என்ற குறியோடு நிலையம் அமைத்திருந்தார். அந்தமானின் செய்தியை வெளியே கொண்டுவந்ததில் அந்த நிலையத்துக்குப் பெரிய பங்கு இருந்தது. ஆபத்துக் காலத்தில் போகவேண்டியது பெரும்பாலும் பெயர்களும் எண்களும்தான். பெயர்ப் பட்டியலையும் மருந்துப் பெயரையும் குரலில் எழுத்துக்கூட்டிச் சொல்லி, எதிர்முனை எழுதி, திருப்பிப் படித்துச் சரிபார்ப்பதற்குள் பொழுது போய்விடும். எழுத்தாகப் போனால் அப்படியே அச்செடுத்துக் கையில் கொடுக்கலாம்.

தமிழில் அனுப்புவது பற்றி. எஃப்எல்டிஜியில் எழுத்துக்குறி முறையை, எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூடிஎஃப்-8 என்று வைத்தால் தமிழ் போகும். ஆனால் விலை அதிகம். பி.எஸ்.கே.31-இன் சிறிய குறிகள் எல்லாம் ஆங்கிலத்துக்குப் போய்விட்டன. 'வணக்கம்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் கணக்கில் புள்ளி தனி என்பதால் அது ஏழு குறி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 21 பைட். ஒவ்வொரு பைட்டுக்கும் 10 பிட்டுக்குக் குறையாமல் ஆகும், இடையில் வரும் 00 வேறு. மொத்தம் 8 வினாடிக்குக் குறையாது. அதே வணக்கத்தை ஆங்கில எழுத்தில், சின்ன எழுத்துகளாக அடித்தால் 61 பிட், இரண்டே வினாடி. நேரம் மட்டும் பிரச்சினை இல்லை. மூன்று பைட்டில் ஒன்று கெட்டாலும் அந்த எழுத்தோ, மேலிருக்கும் புள்ளியோ, பக்கத்துக் காலோ முழுசாகப் போய்விடும். ஆகவே தமிழ் எழுத்தில் அனுப்ப நினைத்தால் பல சுருதிகளை வைத்துப் பிழை திருத்தும் எம்.எஃப்.எஸ்.கே. போன்ற முறையில், நல்ல சமிக்ஞை இருக்கும்போது செய்யுங்கள். வகுப்பறையில் மேசைக்கு மேசை கட்டாயம் தமிழில் செய்யுங்கள், அங்கே அவசரம் ஒன்றும் இல்லை. காற்றில் போகும்போது, நம் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் எழுதுகிற மாதிரி ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பதுதான் இப்போதைக்கு நடைமுறை. ஜேஎஸ்8காலிலும் இதே நிலைமைதான். அது ஆங்கிலச் சொற்பட்டியலை வைத்துச் சுருக்குகிறது, தமிழ்ச் சொல் வந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. தமிழில் அதிகம் வரும் எழுத்துகளை எண்ணி, குட்டிக் குறி நமக்கும் கிடைக்கிற மாதிரி ஓர் அட்டவணையை யாராவது செய்து எல்லோருக்கும் வெளியிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கம்ப்யூட்டர் படிக்கிற மாணவர்களுக்கு அது அருமையான செய்முறை வேலை. எது அதிகம் வருகிறது என்று பாடப்புத்தகப் பக்கங்களை வைத்து எண்ணுவதிலிருந்தே தொடங்கலாம்.

காற்றில் அனுப்ப உரிமம் கட்டாயம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு கொடுக்கிறது, சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பம். 12 வயது நிறைந்தால் எழுதலாம் என்பதால் உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் உட்காரலாம். உரிமத்தில் இரண்டு வகுப்பு. ரெஸ்ட்ரிக்டட் வகுப்புக்கு மோர்ஸ் (தந்திக் குறி) தேவையில்லை. ஜெனரல் வகுப்புக்கு நிமிடத்துக்கு 8 வார்த்தை மோர்ஸ் வேண்டும். வியாபாரச் செய்தி கூடாது, பொருளை மறைக்கும் ரகசியக் குறியீடு கூடாது. பி.எஸ்.கே., ஒலிவியா எல்லாம் யாரும் படிக்கும்படி வெளியிடப்பட்ட முறைகள் என்பதால் அந்தத் தடையில் வராது. உரிமம் உள்ள ஆள் இல்லாத மலைக் கிராமத்தில் செட்டை வைத்துவிட்டு வருவது நடக்காது. அந்த ஊரிலேயே ஒருவர் தேர்வு எழுதி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உங்கள் விடுதிப் பிள்ளைகளில் அப்படி ஒருவரை உருவாக்குவதுதான், ரேடியோ வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

முதல் வாரம் இரண்டு லேப்டாப் போதும் டீச்சர், ஒரு ரூபாய் செலவு இல்லை. பிள்ளைகளுக்கு ஆர்வம் நிற்கிறதா பாருங்கள். நின்றால் சொல்லுங்கள், 20 மீட்டர் கம்பியும் கோஆக்ஸும் எடுத்துக்கொண்டு என் செட்டோடு நானே பள்ளிக்கு வருகிறேன். அனுப்பும் பட்டனை உரிமம் உள்ள நான் அழுத்துகிறேன், வாட்டர்ஃபாலைப் பார்த்து எந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் சொல்லட்டும். ஒரு சனிக்கிழமை காலை 8 மணிக்குள் கட்டி முடித்துவிட்டால், அன்றைக்கே 7 மெகாஹெர்ட்ஸில் யாரையாவது பிடித்துவிடலாம்.